இடது சிறுநீரகம் 8.8 சென்டிமீட்டர்

2022 ஜூன் மாதம் கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்த நாட்களைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. என் கணவர் வெள்ளவத்தையில் பெற்றோல் வரிசையில் இரவு பதினொரு மணியிலிருந்து காருக்குள்ளேயே கிடக்கிறார், நான் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொஞ்சம் பாணும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன், வந்தால் கரண்ட் இல்லை, லிப்ட் இல்லை, நாலாம் மாடிக்கு ஏறிவந்து கதவைத் திறக்கும்போது பிடரியில் ஒரு இடி. நாலைந்து கிழமையாகவே இருந்த தலையிடிதான், அன்றைக்குத் தாங்க முடியவில்லை. அடுத்த நாள் காலி வீதியில் ஒரு பாமசிக்கு பனடோல் வாங்கப் போன இடத்தில் ஒருக்கா பிரஷரையும் பாருங்கோ என்று கேட்டேன். 176/112. அந்தத் தம்பி மெஷினில்தான் பிழை என்று நினைத்து மற்றக் கையிலும் கட்டிப் பார்த்தான். 172/110. எனக்கு அப்போது வயது 32. மெலிந்த உடம்பு, சீனி வருத்தம் இல்லை, வீட்டில் அப்பாவுக்கு மட்டும் பிரஷர், அதுவும் அறுபது வயதுக்குப் பிறகு வந்தது.

எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: டென்ஷன். அந்த வருடம் யாருக்குத்தான் டென்ஷன் இல்லை? அதனால் நானும் நம்பினேன். எங்கள் வழக்கமான டொக்டர் நல்ல மனிதர், அவரில் எனக்குக் கோபம் இல்லை. அம்லோடிபின் 5 மில்லிகிராமில் தொடங்கினார், பிறகு 10 ஆக்கினார், பிறகு லொசார்டன் சேர்த்தார், கடைசியாகச் சலம் கூடப் போவதற்கான குளிசையும் சேர்ந்தது. மூன்று விதக் குளிசை, ஒன்றும் விடாமல் போட்டும் மேல் இலக்கம் 150க்குக் கீழே வரவில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன், சலக் குளிசை உட்பட மூன்று மருந்தைச் சரியான அளவில் எடுத்தும் பிரஷர் 140/90க்குக் கீழே இறங்காவிட்டால், நாலாவது குளிசையைப் பற்றி யோசிக்கும்போதே ‘இது ஏன் வந்தது’ என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். முப்பது வயதை ஒட்டித் திடீரென்று இவ்வளவு உயரத்தில் வந்திருந்தால் மூன்று குளிசை வரை காத்திருக்கவும் தேவையில்லை, முதல் நாளிலேயே கேட்கலாம்.

நான் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். கடைசியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கக் கூடாது என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தினசரி வேலை. என்னுடைய ரிப்போர்ட்டுகளில் அதையே நான் செய்யவில்லை. அதைத்தான் இங்கே எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

முதல் ரத்தப் பரிசோதனை அம்லோடிபின் மட்டும் எடுத்த காலத்தில் செய்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் 0.9, சரி. சோடியம் சரி. பொட்டாசியம் 3.3, பக்கத்தில் குறைவு என்ற அடையாளம். 3.5க்கு மேல் இருக்க வேண்டும். ‘கொஞ்சம்தானே, வாழைப்பழம் சாப்பிடுங்கோ, இளநீர் குடியுங்கோ’ என்றார்கள், நானும் மூன்று மாதம் வாழைப்பழம் சாப்பிட்டேன். சலக் குளிசை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் இறங்குவது வழமை. ஆனால் எனக்கு அந்தக் குளிசை தொடங்கும் முன்பே இறங்கியிருந்தது. பிரஷர் கூடவும் பொட்டாசியம் குறையவும் இரண்டும் சேர்ந்து இருந்தால் உடம்புக்குள் ஏதோ ஒரு சுரப்பு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று சந்தேகப்பட வேண்டுமாம். இதில் ஒன்றைக் கவனமாகச் சொல்கிறேன், வாழைப்பழமும் இளநீரும் எல்லாருக்கும் பொருந்தாது. சிறுநீரகம் பழுதாகிப் போனவர்களுக்குப் பொட்டாசியம் மற்றப் பக்கம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். ரிப்போர்ட் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்கு வைத்தியம் சொல்லாதீர்கள்.

எங்கள் மாடிக்கட்டடத்தில் கீழே ஓய்வுபெற்ற மிஸ் ஒருவர் இருக்கிறார், நாற்பது வருடம் தாதியாக இருந்தவர், அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். பிரஷரை ஒழுங்காக அளக்கச் சொல்லித்தந்தவர் அவர்தான். நான் மாடி ஏறி வந்த கையோடு, சட்டைக்கு மேலேயே பட்டியைக் கட்டி, இவரோடு கதைத்துக்கொண்டே அளப்பதைப் பார்த்துவிட்டு மெஷினைப் பறித்து வைத்துவிட்டார். ‘பிள்ளை, முதல்ல போய்ச் சலம் இருந்திட்டு வா. பிறகு கதிரையில முதுகு சாய்ச்சு, கால் ரெண்டையும் நிலத்தில வைச்சு, அஞ்சு நிமிஷம் வாய் திறக்காம இரு.’ கை மேசையில், நெஞ்சு மட்டத்துக்கு. வெறும் கையில் பட்டி. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம். காலையில் குளிசை போடும் முன்னும், இரவு படுக்கும் முன்னும். ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்தைச் சராசரி எடுக்க வேண்டும், வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85க்கு மேலே போனால் கூடுதல் என்று கணக்கு. பட்டியின் அளவும் முக்கியம், பருத்த கையில் சின்னப் பட்டியைக் கட்டினால் இல்லாத பிரஷரையும் கூட்டிக் காட்டும். என் சராசரி 158/101 வந்தது. டொக்டரைக் கண்டதும் ஏறுகிற பிரஷர் இது இல்லை என்பது அந்தக் கொப்பிப் பக்கத்தோடு முடிவாகிவிட்டது. பிறகு 24 மணி நேரம் கட்டிவைத்து அளக்கும் கருவியும் போட்டார்கள். வழக்கமாக நித்திரையில் பிரஷர் பத்து வீதமாவது இறங்க வேண்டும், எனக்கு இறங்கவேயில்லை. சிறுநீரகத்தில் பிரச்சினை உள்ளவர்களில் இப்படி இறங்காமல் நிற்பது அடிக்கடி காண்பதுதானாம்.

வயிற்று ஸ்கான் செப்டெம்பரில் எடுத்தது. ரிப்போர்ட் ஒரு பக்கம், கடைசியில் தடித்த எழுத்தில் ‘குறிப்பிடத்தக்க குறைபாடு இல்லை’. அதை வாசித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா. அந்தத் தாளை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டோம். நாலு மாதம் அங்கேயே கிடந்தது.

2023 ஜனவரியில் இவர்தான் பிடிவாதமாக ஒரு மருத்துவ நிபுணரைச் சனல் பண்ணினார். ‘நீர் இப்பிடியே குளிசையைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது, வாரும்’ என்று இழுத்துக்கொண்டு போனார். அந்த டொக்டர் அம்மா கடைசி வரியை வாசிக்கவே இல்லை. நேரே நடுவுக்குப் போனார், பேனாவை எடுத்து இரண்டு இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டார். வலது 10.7 சென்டிமீட்டர். இடது 8.8 சென்டிமீட்டர். ‘வழமையாக இடதுதான் வலதைவிடச் சற்று நீளமாக இருக்கும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தாலே ஏன் என்று பார்க்க வேண்டும். உங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு, அதுவும் எதிர்ப் பக்கத்தில்.’ பிறகு படுக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒடுங்கியிருந்தால் இரத்தம் சீறும் சத்தம் கேட்குமாம். ‘கேட்டதா டொக்டர்?’ என்றேன். ‘தெளிவாக இல்லை. ஆனால் கேட்கவில்லை என்பதற்காக ஒடுக்கம் இல்லை என்று சொல்லவும் முடியாது.’

அவர் அடுத்ததாகக் கேட்டது: ‘பிள்ளைக்கு யோசனை இருக்கிறதா?’ எங்களுக்கு இருந்தது. லொசார்டனோடு கர்ப்பம் தரித்தால் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகமே பழுதாகலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனலப்ரில் போன்ற ‘ப்ரில்’ என்று முடியும் குளிசைகளுக்கும் இதே பேச்சுத்தான். ஆறு மாதம் அதைப் போட்டுக்கொண்டிருந்தேன், யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இளம் பெண்கள் தயவுசெய்து இதை நீங்களாகவே முதலில் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காகக் குளிசையை உங்கள் பாட்டில் நிறுத்தவும் வேண்டாம், வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்கள்.

சிறுநீரகத்தால் பிரஷர் ஏறுவது எப்படி என்று அவர் ஒரு துண்டில் கீறிக் காட்டினார். சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் ஒடுங்கினால் அதற்குக் குறைந்த அழுத்தத்தில்தான் இரத்தம் போய்ச் சேரும். உடம்பு முழுக்கவே பிரஷர் விழுந்துவிட்டது என்று அது எடுத்துக்கொண்டு ரெனின் என்ற பொருளை இரத்தத்தில் விடும். அதிலிருந்து தொடங்கும் சங்கிலியில் இரத்தக் குழாய்கள் இறுகும், அல்டொஸ்டிரோன் சுரந்து உப்பைப் பிடித்துவைக்கும், பொட்டாசியத்தைச் சலத்தோடு வெளியே அனுப்பும். என்னுடைய 3.3 அங்கேதான் போயிருந்தது. இதை 1934இலேயே அமெரிக்காவில் ஹரி கோல்ட்பிளாட் என்பவர் நாய்களின் சிறுநீரகக் குழாயைக் கவ்வியால் இறுக்கி, பிரஷர் ஏறுவதைக் காட்டியிருக்கிறார்.

சரி, சிறுநீரகத்தில் பிரச்சினை என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஒரு பக்கம் வடிகட்டியே பழுதாவது, மற்றப் பக்கம் வடிகட்டிக்குப் போகும் குழாய் ஒடுங்குவது. இரண்டையும் பிரித்துக் காட்டும் மலிவான பரிசோதனை சலப் பரிசோதனைதான். சலத்தில் புரதமோ இரத்தமோ போனால் வடிகட்டியைச் சந்தேகிப்பார்கள். வெறும் பிளஸ் குறியோடு நிற்காமல் அல்புமின் கிரியற்றினின் விகிதம் என்று கேட்டுச் செய்தால் இலக்கமாக வரும், ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் நல்லது. எனக்கு 11. சலம் சுத்தமாக இருந்ததே ஒரு துப்பு என்றார் டொக்டர், வடிகட்டி நன்றாக இருந்துகொண்டு பொட்டாசியம் குறைந்து ஒரு பக்கம் சுருங்கினால் குழாயைத் தேட வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதை கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தம்பி, 26 வயது, பிரஷர் என்னுடையதைப் போலவே. அவனுக்குச் சலத்தில் நுரை நுரையாகப் போயிருக்கிறது, சவர்க்காரத் தண்ணி மாதிரி, ஒரு வருடமாக. யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு ஸ்கானில் இரண்டும் ஒரே அளவு, ஆனால் சலத்தில் புரதமும் இரத்தமும். அதனால் பயொப்சி. குப்புறப் படுக்கவைத்து, விறைப்பு ஊசி போட்டு, ஸ்கானில் பார்த்துக்கொண்டே ஊசியால் ஒரு நூல் துண்டளவு எடுப்பார்கள், பிறகு அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், இரத்தம் கசியக்கூடும் என்பதால் அஸ்பிரின் போடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ‘டக் என்று ஒரு சத்தம் அக்கா, அவ்வளவுதான்’ என்றான். வடிகட்டியில் வரும் ஐ.ஜி.ஏ. நெப்ரொபதி என்ற வருத்தம் என்று வந்தது. எனக்குக் கழுத்தளவு பயம் இருந்த நேரத்தில் அவன் எனக்குத் தைரியம் சொன்னான், அதை மறக்க மாட்டேன்.

வீட்டில் பயம் வேறு மாதிரி. சிறுநீரகம் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்கு மாளிகாவத்தை ஆஸ்பத்திரியும் டயலிசிஸும்தான் கண்ணில் வந்தது. பெரியம்மா போன் எடுத்து ‘அநுராதபுரப் பக்கத்துத் தண்ணி வருத்தமோ?’ என்று கேட்டா. வடமத்திய மாகாணத்து விவசாயிகளுக்கு வரும் அந்த வருத்தம் வேறு, அதில் ஆரம்பத்தில் பிரஷர் பெரிதாக ஏறுவதே இல்லை. எனக்கு மாறி, பிரஷர்தான் முதலில். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த இரண்டு கிழமை எடுத்தது.

ரெனின், அல்டொஸ்டிரோன் இரண்டையும் அளக்க ரத்தம் கொடுப்பதற்கு முன் எனக்கு லொசார்டனையும் சலக் குளிசையையும் நிறுத்திச் சில கிழமைக்குப் பதிலாக பிரசோசின் என்ற குளிசை தந்தார்கள். பிரஷர் குளிசைகளே இந்த இலக்கங்களைத் தூக்கியும் இறக்கியும் காட்டும், அதனால் என்ன குளிசையோடு ரத்தம் கொடுத்தோம் என்பது டொக்டருக்குத் தெரிந்தால்தான் ரிப்போர்ட்டுக்கு அர்த்தம். எனக்கு இரண்டும் கூடியிருந்தது. அல்டொஸ்டிரோன் மட்டும் கூடி ரெனின் அடங்கிக் கிடந்திருந்தால் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தேடிப் போயிருப்பார்கள், அது வேறு பாதை.

அடுத்தது டொப்ளர், குழாயில் இரத்தம் ஓடுவதைப் பார்க்கும் ஸ்கான். இரவிலிருந்து சாப்பிடாமல் வரச் சொன்னார்கள், வயிற்றில் காற்று இருந்தால் சிறுநீரகக் குழாய் தெரியாது. நானும் சாப்பிடாமல்தான் போனேன், ஆனால் முதல் நாள் மத்தியானம் கடலைக் கறி சாப்பிட்டிருந்தேன், அதை யாரும் தடுக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் அந்த டொக்டர் கருவியை விலாவில் அழுத்தி அழுத்தித் தேடினார், ‘மூச்சை இழுங்க, விடாதீங்க, சரி விடுங்க’ என்று அவருக்கே வேர்த்துவிட்டது. ரிப்போர்ட்டின் கடைசி வரி: ‘குறிப்பிடத்தக்க ஒடுக்கம் காணப்படவில்லை’. இந்தத் தடவை நான் நடுவை வாசித்தேன். ‘இடது குழாயின் தொடக்கப் பகுதி மட்டும் தெரிந்தது, நடுப் பகுதியும் கடைப் பகுதியும் காற்றினால் தெரியவில்லை.’ அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது டொக்டர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிந்து ஒடுங்குவது பெரும்பாலும் குழாயின் வாசலில். இளம் பெண்களுக்கு வரும் ஒடுக்கம் நடுவிலும் கடைசியிலும். எனக்குப் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமலே காணப்படவில்லை என்று எழுதியிருந்தது. எழுதியவர் பொய் எழுதவில்லை, தெரியாத பகுதியையும் எழுதித்தான் இருக்கிறார்.

இரத்தக் குழாயைப் படம் எடுக்கும் சி.டி. அஞ்சியோகிராமுக்கு முன் புதிதாகக் கிரியற்றினின் வேண்டும் என்றார்கள், சாயம் ஏற்றுவதால் சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க. வீட்டுக்குக் கிட்ட இருந்த வேறு லாப்பில் கொடுத்தேன். இரவு போனில் ரிப்போர்ட் வந்தது. கிரியற்றினின் 80. பழையது 0.9. அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை, மரைன் டிரைவ் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்துக் கடைசி ரயில் போகும் வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் அன்ரிதான் தாளை வாங்கி அலகைப் பார்த்தார். ஒரு லாப் மில்லிகிராமில் தருகிறது, மற்றது மைக்ரோமோலில் தருகிறது. 0.9ஐ 88.4ஆல் பெருக்கினால் 80 வரும். ஒரே அளவுதான். கொழும்பில் லாப்புக்கு லாப் இந்த அலகு மாறும், அதனால் முடிந்தவரை ஒரே லாப்பில் கொடுங்கள், கொப்பியில் இலக்கத்தோடு அலகையும் எழுதிவையுங்கள்.

சி.டி. பத்து நிமிட வேலை. சாயம் ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், உடுப்போடு சலம் போய்விட்டது போலவே இருக்கும், போயிருக்காது. மிஸ் ‘நங்கி, பயப்பட வேண்டாம்’ என்று கையைப் பிடித்துக்கொண்டா. அயடீன் சாயத்துக்கு முன்பு ஒவ்வாமை வந்ததா, கர்ப்பமா, சீனிக்கு மெட்போர்மின் எடுக்கிறீர்களா என்று கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். படம் வந்தபோது டொக்டர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். வலது குழாய் நேராக, வழுவழுப்பாக. இடதின் நடுவில் மட்டும் உப்பி ஒடுங்கி, உப்பி ஒடுங்கி, கோத்த மணி போல. ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா. கொழுப்பால் வருவதல்ல, குழாயின் சுவரே அப்படி வளர்ந்துவிடுகிறது, பெண்களுக்குத்தான் கூட வருகிறது. டென்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மே மாதம் கவட்டுப் பக்கத்துக் குழாய் வழியாக பலூன் விட்டு விரித்தார்கள், இந்த வருத்தத்துக்குப் பெரும்பாலும் ஸ்டென்ட் (குழாயை விரித்துவைக்கும் வலைக்குழல்) வைப்பதில்லை, எனக்கும் வைக்கவில்லை. அடுத்த நாள் வீட்டுக்கு வந்தேன். கழுத்துக் குழாயிலும் தலைக் குழாயிலும் இதே வருத்தம் இருக்கலாம் என்று ஒரு தடவை ஸ்கான் பண்ணினார்கள், ஒன்றும் இல்லை. இப்போது அம்லோடிபின் 5 மட்டும், காலையில் 124/78 போல நிற்கிறது. திரும்ப ஒடுங்கக்கூடும் என்பதால் கொப்பியை மூடவில்லை.

இதைப் பார்த்த அப்பா ‘எனக்கும் ஒருக்கா பலூன் விட்டால் என்ன?’ என்று டொக்டரிடம் கேட்டார். கொழுப்பால் ஒடுங்கிய வயதானவர்களில் ஸ்டென்ட் வைத்தவர்களையும் மருந்து மட்டும் எடுத்தவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2014இல் வந்தது, பெரும்பாலானவர்களுக்கு மருந்தை விட ஸ்டென்ட் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை என்று விளங்கப்படுத்தினார். மூச்சு திடீரென்று முட்டுவது, மருந்தால் அடங்காத பிரஷர், சிறுநீரகத்தின் வேலை வேகமாகக் குறைவது, இப்படி இருந்தால்தான் வயதானவர்களுக்கு அதை யோசிப்பார்களாம். லொசார்டன் வகைக் குளிசை தொடங்கினால் ஒன்றிரண்டு கிழமையில் கிரியற்றினினையும் பொட்டாசியத்தையும் திரும்பப் பார்க்க வேண்டும், கிரியற்றினின் 30 வீதத்துக்கு மேல் ஏறினால் இரண்டு பக்கக் குழாயும் ஒடுங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும் என்றும் சொன்னார். அப்பா அந்தக் குளிசையை நாலு வருடமாகப் போடுகிறார், ஒரு தடவையும் பார்க்கவில்லை. அடுத்த கிழமையே பார்த்தோம், நல்ல வேளை ஏறவில்லை. கருவாட்டையும் மோர்மிளகாயையும் குறைத்தது மட்டும்தான் அவருக்கு நடந்த மாற்றம், அதற்கே வீட்டில் ஒரு சண்டை நடந்தது.

போன கிழமை அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் பிள்ளை, தங்கச்சிக்கு 29 வயதில் 160/100 என்று அழுதுகொண்டு வந்தாள். அவளுக்கும் டென்ஷன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கான் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே பெரிதாக்கிப் பார்த்தேன். வலது 10.2, இடது 10.5. குழாய் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அது சாதாரண ஸ்கான். சலத்தில் புரதம் ஒரு பிளஸ், விகிதம் எடுக்கவில்லை. பொட்டாசியம் பார்க்கவேயில்லை. இரண்டையும் ஒரு துண்டில் எழுதி, பக்கத்தில் அலகையும் எழுதிக் கொடுத்துவிட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம்.